பனிமலையில் ஒரு பகல் நடை: குளிருக்கு முன் வியர்வையைக் கவனியுங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் மணாலி, ஔலி, சோப்தா என்று பனி பார்க்கக் கிளம்பும் கூட்டம் நம்மூரிலும் உண்டு. அதில் உத்தராகண்டின் சோப்தா – துங்கநாத் – சந்திரசிலா பாதைக்குத் தனி மவுசு. கூடாரம் அடிக்க வேண்டாம், மூட்டை சுமக்க வேண்டாம், காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம். சோப்தா சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மூன்றரை கிலோமீட்டர் ஏறினால் பஞ்ச கேதாரத் தலங்களில் ஒன்றான துங்கநாதர் கோயில், 3,680 மீட்டர். அதற்கு மேலே இன்னொரு ஒன்றரை கிலோமீட்டரில் சந்திரசிலா உச்சி, ஏறத்தாழ 4,000 மீட்டர். கோடையில் வயதானவர்கள்கூடக் கைத்தடி ஊன்றி ஏறிவிடுகிற, கல் பாவிய வழிதான்.

பனிக்காலத்தில் அந்தக் கல் கண்ணுக்கே தெரியாது. காலையில் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும் பனி, நண்பகலில் கூழாகி, மாலையில் மறுபடியும் இறுகிவிடும். கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கோயில் நடையும் அடைத்திருக்கும்; உற்சவமூர்த்தி கீழே மக்குமட் கிராமத்துக்குப் போயிருப்பார். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாசிப் பக்கம் சஹஸ்திரதால் ஏறப்போன, பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியதில் 9 பேர் உயிரிழந்தார்கள். அது கோடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஈரம்தான் எமன்

சமவெளியிலிருந்து போகிறவர்கள் குளிரை நினைத்தே பயப்படுகிறார்கள். அதனால் விடுதியை விட்டுக் கிளம்பும்போதே தெர்மல், இரண்டு ஸ்வெட்டர், தடித்த ஜாக்கெட், மங்கி குல்லா என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்கிறார்கள். அரை மணி நேரம் ஏறியதும் தசைகள் ஓய்வு நேரத்தைவிடப் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். உள்ளே பனியன் தொப்பலாக நனைந்துவிடும். நடந்துகொண்டிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. உச்சியில் படம் எடுக்க இருபது நிமிடம் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். நனைந்த பருத்திப் பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டு அந்த வேலையைத்தான் செய்கிறது. மேலே எத்தனை விலையுயர்ந்த ஜாக்கெட் இருந்தாலும் உள்ளே நனைந்த துணி நனைந்த துணிதான்.

இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 20 போல. உயரே போகப் போக ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பதால், சோப்தாவில் காட்டும் அளவைவிட உச்சியில் எட்டு டிகிரியாவது குறைவாக இருக்கும். கைப்பேசியில் சோப்தா வானிலையைப் பார்த்துவிட்டுச் சந்திரசிலாவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை.

ஆகவே, புறப்படும்போது லேசாகக் குளிரட்டும். பத்து நிமிடம் நடந்தால் சரியாகிவிடும். உள்ளே பாலியெஸ்டரிலோ கம்பளியிலோ நெய்த தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத மெல்லிய ஜாக்கெட், இவ்வளவு போதும். தடித்த ஜாக்கெட் பையில் இருக்க வேண்டும், நிற்கும்போது எடுத்துப் போட. வியர்க்கிறது என்று தெரிந்ததும் நின்று ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். கூட வருபவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, முழங்காலுக்குக் கீழே பலகைபோல் விறைத்துவிடும்.

கால் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, இரண்டு மூன்று ஜோடி காலுறை போட்டு ஷூவை இறுக்கிக் கட்டுவது. ரத்தம் ஓட இடமில்லாத பாதம்தான் முதலில் மரத்துப்போகும். விரல்களை உள்ளே மடக்கி நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். வாடகைக்குக் கிடைக்கும் ரப்பர் கம்பூட் பனியில் விளையாடச் சரி, மலை ஏற உதவாது. ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புமுள் பட்டையை, மைக்ரோஸ்பைக் என்பார்கள், உள்ளூரிலேயே வாடகைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் எலும்பு முறிவைத் தடுக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. கையுறை இரண்டு ஜோடி. ஒன்று எப்படியும் நனையும்.

கடிகாரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

டிசம்பரில் அந்தப் பகுதியில் மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மலைச்சரிவின் நிழல் அதற்கு முன்பே பாதையில் விழுந்து, பனி இறுகத் தொடங்கிவிடும். எனவே மூன்றரை, நான்கு மணிக்குள் அறையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கோடையில் இரண்டு மணி நேரத்தில் துங்கநாத் போகிறவருக்கு முழங்கால் பனியில் அதற்கு இரட்டிப்பு நேரம் ஆகலாம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால், எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்புவது என்பது நியாயமான வரம்பு. உச்சி கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தாலும் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். இந்த நேரத்தை முந்தின இரவே, சூடான அறையில், எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே, களைப்பில், ஆசையில் எடுக்கும் முடிவுகளுக்கு மதிப்புக் கிடையாது.

சந்திரசிலாவில் சூரியோதயம் பார்க்க வேண்டும் என்று விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பனிக்காலத்தில் புதியவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். நாளின் மிகக் குளிரான நேரத்தில், இருட்டில், இறுகிய பனிமேல் நடப்பதில் என்ன இருக்கிறது? சௌகம்பா, நந்தாதேவி, திரிசூல் எல்லாம் வானம் தெளிவாக இருந்தால் காலை ஒன்பது மணிக்கும் அதே இடத்தில்தான் நிற்கும்.

அதிகமாகப் பனி விழுந்தால் வண்டி சோப்தா வரை போகாது. துகல்பிட்டாவிலோ அதற்கும் கீழேயோ இறக்கிவிடுவார்கள். அப்போது போகவர நடக்க வேண்டிய தூரம் பல கிலோமீட்டர் கூடிவிடும். அன்றைக்குச் சந்திரசிலாவை மறந்துவிட வேண்டும். துங்கநாத்கூடச் சந்தேகம்தான்.

டேராடூன் வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் புறப்படும் நாளுக்கு முன்தினமும் அன்று காலையும் பாருங்கள். பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழுள்ள டி.ஜி.ஆர்.இ. தனியாக வெளியிடுகிறது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் நிகழும். கோயிலுக்கு மேலே கல்பாதை புதைந்துபோய், ஆளாளுக்கு நேராக ஏறும் இடங்களில் இதை யோசிக்க வேண்டும். கனத்த பனி பொழிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் சரிவு மிகவும் நிலையற்றிருப்பது அப்போதுதான். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அன்று மேலே போகாதீர்கள்.

உயரத்துக்கு ஒரு நாள் கொடுங்கள்

சென்னையில் காலை விமானம், டேராடூனில் இறங்கி வண்டி, மறுநாள் சோப்தா, அதற்கு மறுநாள் விடியலில் 4,000 மீட்டர். பலருடைய பயணத் திட்டம் இப்படித்தான் இருக்கிறது. உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரு பங்குக்கும் குறைவு. 2,500 மீட்டரைத் தாண்டித் தங்கினாலே தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். வந்து சேர்ந்த உடனே வராமல், ஆறேழு மணி நேரம் கழித்து, இரவில் வரும்.

இதற்கு நல்ல வழி அந்தப் பகுதியிலேயே இருக்கிறது. முதலில் சாரி கிராமத்தில் தங்குங்கள்; உயரம் சுமார் 2,000 மீட்டர். மறுநாள் அங்கிருந்து இரண்டரை, மூன்று கிலோமீட்டர் ஏறித் தேவரியாதால் ஏரியைப் பார்த்து வாருங்கள். அது 2,400 மீட்டர். உடம்பும் பழகும், ஷூ கடிக்கிறதா, கையுறை போதுமா என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு சோப்தா. தலைவலியோடு விழித்தால் அன்று ஏறக் கூடாது. ஓய்விலும் மூச்சு வாங்குவது, இருமல், தள்ளாடும் நடை என்றால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும், இரவானாலும். அசெட்டசோலமைடு மாத்திரையை முன்கூட்டி எடுப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தண்ணீரும் தீனியும்

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வறண்ட காற்றை மூச்சுமுட்ட இழுத்துவிடும்போது உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். வழியில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் ஏறுகிறார்கள். இது வெளியில் பேசப்படாத, ஆனால் உண்மையான உடல்நலப் பிரச்சினை. நீர் வற்றினால் தலைவலி கூடும், கைகால் விரைவில் சில்லிடும். மறைப்பாகப் பிடிக்க ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு, இடைவெளி விட்டுக் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று பொருள்.

ஃப்ளாஸ்கில் வெந்நீரோ சுக்குக் காப்பியோ இருக்கட்டும். சாதாரண பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வையுங்கள். நீர் மேலிருந்துதான் உறையும், மூடி அடைத்துக்கொள்ளாது. பனியை அள்ளி வாயில் போட்டால் தாகம் தீராது, உள்சூடுதான் குறையும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் உடம்பு ஆறிவிடும் என்பதால் கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம் என நடந்துகொண்டே கொறிக்கக்கூடியவை நல்லவை. சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

‘குளிருக்கு ஒரு பெக்’ என்பது தவறான வைத்தியம். மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. சூடேறியதுபோல் தோன்றும், உண்மையில் உள்சூடு வெளியே கொட்டுகிறது.

கண்ணும் விரலும்

புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். உயரமும் கதிரின் வலுவைக் கூட்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் அன்று ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரிந்து, நீர் வடிந்து, விழிக்க முடியாமல் போகும். ஓரிரு நாளில் சரியாகும் என்றாலும் அந்த நிலையில் மலை இறங்குவது அபாயம். புறஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி வாங்குங்கள்.

விரல் நுனியோ காதோ வெளுத்து, மரத்து, மெழுகுபோல் ஆனால் பனியால் தேய்க்கக் கூடாது, நெருப்பிலும் காட்டக் கூடாது. அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். நிறமும் உணர்வும் திரும்பவில்லை என்றால் அது உறைகாயம். மருத்துவமனையில்தான் உருக்க வேண்டும். உருக்கிய விரல் மறுபடி உறைந்தால் சேதம் அதிகம்.

பேச்சு குழறினால்

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் மூளை மந்தமாகும். பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கலகலப்பாக வந்தவர் திடீரென்று பேசாமல் பின்தங்குவார். ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடிக்க விரல் தடுமாறும். கேட்டால் “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். இந்தப் பதிலை நம்பாதீர்கள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் தானாக நின்றால் தேறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், நிலைமை மோசமாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் சிலர் உடைகளைக் கழற்றி எறிவதும் உண்டு.

காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், நனைந்த உடையை மாற்றி, பையின் மேலோ பாயின் மேலோ உட்கார வையுங்கள், பனித்தரையில் வேண்டாம். தலையையும் கழுத்தையும் மூடுங்கள். விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம். கைகாலைத் தேய்க்காதீர்கள். நினைவு தவறினால் படுத்த நிலையிலேயே, அசைக்காமல் வைத்து உதவி கேளுங்கள். 112 எண்ணுக்கு அழைத்தால் மாநிலப் பேரிடர் மீட்புப் படைக்குத் தகவல் போகும். ஆனால் அலைவரிசை எல்லா இடத்திலும் இருக்காது, குளிரில் கைப்பேசியின் மின்கலமும் சட்டென்று இறங்கும். உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். யார் யார் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை விடுதிக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கி வந்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. அறைக்குள் கரி அடுப்பை மூட்டி, கதவு சன்னலை இறுகச் சாத்திக்கொண்டு தூங்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை; தூக்கத்திலேயே உயிர் போகும். தூங்கும் முன் அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள்.

யார் தவிர்க்க வேண்டும்

குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். அதோடு ஏற்றமும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்தால் இதயத்துக்கு மூன்று பக்கச் சுமை. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் போகக் கூடாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு விரல் உறைவது தெரியவே தெரியாது. இன்சுலின் உறைந்துபோனால் பயன்படாது. அதையும் குளூக்கோமீட்டரையும் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரையும் அப்படியே. மிகவும் குளிர்ந்தால் அது சரியான அளவில் பீய்ச்சாது. மேலே ஏதாவது ஆனால் பெரிய மருத்துவமனைக்கு ருத்ரப்பிரயாகை, உத்தராகண்டிலேயே உள்ள ஶ்ரீநகர் என்று மணிக்கணக்கில் மலைச்சாலையில் இறங்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்குத் துங்கநாதரைத் தரிசிக்கும் ஆசை இருந்தால், பனிக்காலத்தில் அவர்களை இழுத்துக்கொண்டு போய் மூடிய கதவைக் காட்ட வேண்டாம். ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ நடை திறக்கும். அப்போது அழைத்துப் போங்கள்.