வீட்டில் எல்லோருக்கும் ஏற்ற கிறிஸ்துவ நூல், திரைப்படம்: தேர்ந்தெடுப்பது எப்படி?



குடும்பமும் ஊடகமும் என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நான் பேசியதை, நேயர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே எழுத்து வடிவில் தருகிறேன். அரங்கிற்கு வந்திருந்த ஒரு தாயார் எழுப்பிய கேள்வியிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். "புத்தகத்தின் மேல் கிறிஸ்துவப் புத்தகம் என்று போட்டிருந்தால் பிள்ளையிடம் நம்பிக் கொடுத்துவிடலாம்தானே?" என்று அவர் கேட்டார்.

நம்பிக் கொடுக்க முடியாது என்பதே என் பதில். அந்தச் சொல் கடையில் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருப்பது உண்மையா, பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா, வீட்டுக்கு நல்லதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

விற்பனையும் உண்மையும் வேறு வேறு

2010இல் அமெரிக்காவில் 'சொர்க்கத்திலிருந்து திரும்பி வந்த சிறுவன்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளிவந்தது. 2004இல் கார் விபத்தில் படுகாயமடைந்த ஆறு வயதுச் சிறுவன் சொர்க்கத்தைப் பார்த்துவிட்டு வந்ததாக அந்த நூல் சொன்னது. தந்தை, மகன் இருவர் பெயரிலும் வெளியான அந்த நூல் 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வெளியிட்டது பெயர்பெற்ற கிறிஸ்துவப் பதிப்பகம். 2015 ஜனவரியில், வளர்ந்துவிட்ட அந்த மகனே ஒரு கடிதம் வெளியிட்டார். தாம் இறக்கவும் இல்லை, சொர்க்கத்துக்குப் போகவும் இல்லை, கவனத்தை ஈர்ப்பதற்காகவே சிறுவயதில் அப்படிச் சொன்னதாக அதில் தெரிவித்தார். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆலய நூலகங்களில் இருந்த புத்தகம் இது. எத்தனையோ பெற்றோர் நல்லெண்ணத்தோடு பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த புத்தகம். "உண்மைக் கதை", "பல லட்சம் பிரதிகள்" என்ற அட்டைச் சொற்கள் விற்பனைப் பிரிவின் வேலை. ஊடகத்துறையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அட்டையை எழுதுபவர் பெரும்பாலும் நூலாசிரியராக இருக்கமாட்டார்.

நாவலை நாவலாகப் படிப்பதும் முக்கியம். உலக முடிவைப் பற்றி 1995 முதல் 2007 வரை 16 நூல்களாக வந்த 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசையைப் படித்துவிட்டு, அதிலுள்ள சம்பவங்கள் எல்லாம் விவிலியத்தில் உள்ளவை என்று நம்பும் இளையர்கள் உண்டு. அவை ஒரு குறிப்பிட்ட இறையியல் விளக்கத்தின்மேல் கட்டிய கற்பனைக் கதைகள். 2007இல் வந்த 'த ஷேக்' நாவல் துயரத்தில் இருந்த பலருக்கு ஆறுதல் தந்தது. திரித்துவத்தை அது காட்டிய விதத்தைக் கடுமையாகக் குறைகூறிய போதகர்களும் இருந்தார்கள். இத்தகைய நூலை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை படிக்கலாமா என்றால், பெற்றோரில் ஒருவரும் சேர்ந்து படிப்பதாக இருந்தால் படிக்கலாம் என்பேன்.

முதலில், எந்த விவிலியம்?

தமிழ்க் குடும்பங்களில் இது சிறிய கேள்வி இல்லை. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். இன்று சீர்திருத்த சபைகளில் பாட்டி, தாத்தா கையில் இருக்கும் 'பரிசுத்த வேதாகமம்' 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. 1995இல் வெளியான 'திருவிவிலியம்' கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. இவை தவிர, எளிய தமிழில் வந்த பதிப்பும் இருக்கிறது.

பழைய பதிப்பில் இரட்சிப்பு, கிருபை, விசுவாசம், சுவிசேஷம், ஞானஸ்நானம் என்று வரும். திருவிவிலியத்தில் மீட்பு, அருள், நம்பிக்கை, நற்செய்தி, திருமுழுக்கு என்று இருக்கும். சிங்கப்பூரில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படிக்கும் தொடக்கநிலை மாணவருக்கு முதல் வரிசைச் சொற்கள் புரிவது கடினம். பள்ளியில் கேட்காத சொற்கள் அவை. பாட்டிக்கோ அந்தச் சொற்களில்தான் ஜெபமே வரும்.

இதற்கு நான் சொல்லும் வழி, வீட்டில் இரண்டையும் வைத்துக்கொள்வது. வாரம் ஒருநாள் ஒரே பகுதியைப் பாட்டி பழைய பதிப்பிலும் பேரப்பிள்ளை எளிய பதிப்பிலும் வாசிக்கட்டும். பிள்ளைக்குப் பாட்டியின் சொற்கள் அறிமுகமாகும். பாட்டிக்கும் தாம் மனப்பாடமாகச் சொல்லும் வரியின் பொருள் புதிதாகத் தெரியலாம். எழுத்து பெரிதாக உள்ள பதிப்பும், கேட்கும் வடிவிலான தமிழ் விவிலியமும் கிடைக்கின்றன. கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்குக் கைத்தொலைபேசிச் செயலி வழியாகக் கேட்பது வசதியாக இருக்கும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்த சபைகளின் விவிலியத்தில் 66. எந்தச் சபைப் பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சங்கடம் வராது.

சிறுவர் கதைப் புத்தகத்துக்கு ஒரு சோதனை

கடையில் நின்றபடியே இந்தச் சோதனையைச் செய்யலாம். இயேசு பிறந்த கதை உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு எழுதவில்லை. அரசர்கள் என்றும் எழுதவில்லை. மூன்று காணிக்கைகள் என்றுதான் இருக்கிறது. அவர்கள் தொழுவத்துக்கு வந்ததாகவும் இல்லை; வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைக் கண்டார்கள் என்றே இருக்கிறது. ஏதேன் தோட்டத்தில் ஆப்பிள் என்ற சொல் கிடையாது, கனி என்றுதான் இருக்கிறது. நோவாவின் பேழையில் எல்லா விலங்குகளும் இரண்டிரண்டு மட்டும் இல்லை, தூய விலங்குகள் ஏழு ஏழாகச் சேர்க்கப்பட்டன.

மூன்று ஞானிகளை வரைந்த புத்தகம் கெட்ட புத்தகம் என்று நான் சொல்லவில்லை. அது நீண்டகால மரபு. ஆனால், நூல் மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டதா, இன்னொரு கதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதப்பட்டதா என்பதை இந்தச் சிறு விவரங்கள் காட்டிவிடும். வீட்டிலும் இதை விளையாட்டாகச் செய்யலாம். "படத்தில் இருப்பது விவிலியத்தில் இருக்கிறதா, கண்டுபிடி" என்று பிள்ளையிடம் சொன்னால், அது மூலநூலைத் தானாகவே திறக்கும்.

இயேசுவின் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் வந்தால்தான் கிறிஸ்துவ நூல் என்று எண்ணிவிடவும் கூடாது. சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகள் 1950க்கும் 1956க்கும் இடையில் ஏழு நூல்களாக வந்தன. அவற்றில் இயேசுவின் பெயர் இல்லை. பிறருக்காகத் தன் உயிரைக் கொடுக்கும் சிங்கம்தான் இருக்கிறது. முதலில் வந்த நூலில் 17 அத்தியாயங்கள். பள்ளி விடுமுறையில் ஒருநாளைக்கு ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். "இந்தச் சிங்கம் யார்?" என்ற கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும், நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

திரையில் பார்ப்பவை

திரைப்படத்துக்குச் சிங்கப்பூரில் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு இருக்கிறது. ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என்ற குறிகளைப் பெற்றோர் அறிவார்கள். சமயப் படம் என்றவுடன் அந்தக் குறியைப் பார்க்க மறந்துவிடுகிறோம். 2004இல் வந்த 'த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' படத்துக்கு அமெரிக்காவில் ஆர் குறி கொடுத்தார்கள். 17 வயதுக்குக் குறைந்தவர் பெரியவர் துணையுடன்தான் பார்க்க முடியும். சாட்டையடிக் காட்சிகள்தான் காரணம். பெரிய வெள்ளிக்கிழமை என்பதற்காக ஏழு வயதுப் பிள்ளையை அதன்முன் உட்கார வைப்பது பக்தி ஆகாது. அந்த வயதில் மனதில் பதிவது பயம் மட்டுமே.

குடும்பமாகப் பார்க்க 1998இல் வந்த 'த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' கேலிச்சித்திரப் படம் நல்லது. அதிலும் ஒரு மாற்றம் உண்டு. படத்தில் குழந்தை மோசேயை ஆற்றிலிருந்து எடுப்பவர் அரசி. விவிலியத்தில் எடுப்பவர் பார்வோனின் மகள். கதையில் மோசேயையும் எகிப்திய இளவரசனையும் சகோதரர்களாக்க அந்த மாற்றம் உதவுகிறது. படம் முடிந்தவுடன் யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தை வாசித்து ஒப்பிட்டால் அரைமணி நேரம் நல்ல பேச்சு நடக்கும்.

2019இல் தொடங்கிய 'த சோசன்' தொடரைப் பல வீடுகளில் பார்க்கிறார்கள். சீடர்களின் குடும்பம், தொழில், சண்டை சச்சரவு என்று அதில் வரும் பெரும்பகுதி எழுத்தாளர்களின் கற்பனை. அதன் முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே இதை அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்பைத் தாண்டிவிட்டுப் பார்ப்பவர்கள்தாம் பிறகு குழம்புகிறார்கள்.

தமிழில் குரல் மாற்றிய படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரல் கொடுக்கும்போது நடிகரின் வாயசைவுக்கு ஏற்பச் சொற்களைச் சுருக்குவோம், சில நேரம் மாற்றுவோம். அது தொழில்நுட்பத் தேவை. ஆகவே, படத்தில் இயேசு பேசும் வசனத்தை அப்படியே விவிலிய வசனம் என்று பிள்ளை மனனம் செய்ய வேண்டாம்.

இணையத்தில் காணொளி பார்க்கும் சின்னப் பிள்ளைகளுக்கு, அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள். ஞாயிறு பள்ளிப் பாட்டில் தொடங்கியது அரைமணி நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது.

பணம் கேட்கும் நிகழ்ச்சிகள்

பெரியவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் நாள் முழுவதும் ஊழிய நிகழ்ச்சிகளைப் பார்க்கிறார்கள். "இவ்வளவு அனுப்புங்கள், உங்கள் நோய் தீரும், கடன் தீரும்" என்று சொல்லும் நிகழ்ச்சி எதுவானாலும் சந்தேகப்படுங்கள். சிங்கப்பூரில் பதிவு பெற்ற அறநிறுவனமா என்பதை அரசாங்கத்தின் அறநிறுவன இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு அமைப்பு என்றால், கணக்கை வெளியிடுகிறதா என்று கேளுங்கள். அம்மாவிடம் கோபப்படாமல், அவருடன் உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். எத்தனை நிமிடம் போதனை, எத்தனை நிமிடம் பணம் என்று அவரே எண்ணட்டும்.

பக்கத்து வீட்டார் படித்தால்?

நம் குடும்பங்களில் ஒரே மேசையில் இந்து மாமாவும் கிறிஸ்துவ அத்தையும் சாப்பிடுகிறார்கள். அடுத்த வீட்டில் மலாய்க் குடும்பம் இருக்கும். மற்றவர் சமயத்தை இழிவுபடுத்தும் நூல் எந்தச் சமயத்தின் பெயரில் வந்தாலும் வீட்டுக்குள் வரக்கூடாது. 2009இல், இஸ்லாத்தை இழிவுபடுத்தும் கிறிஸ்துவத் துண்டுப் படக்கதைகளை முஸ்லிம்களுக்கு அஞ்சலில் அனுப்பிய தம்பதியருக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆளுக்கு 8 வாரச் சிறைத் தண்டனை விதித்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். "இதைப் பக்கத்து வீட்டு நண்பன் முன்னால் சத்தமாக வாசிக்க முடியுமா?" என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், அந்தப் புத்தகம் பிள்ளைக்கு அன்பைக் கற்றுத்தரப் போவதில்லை.

தமிழிலேயே இருக்கும் செல்வம்

ஆங்கிலத்தில்தான் நல்ல கிறிஸ்துவ நூல்கள் இருக்கின்றன என்ற எண்ணம் நம் இளையரிடம் இருக்கிறது. வீரமாமுனிவரின் தேம்பாவணி, வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் ஆகியவை நம் மொழியில் இருக்கின்றன. ஜான் பனியன் 1678இல் ஆங்கிலத்தில் எழுதிய 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' கதையைத் தழுவி, கிருஷ்ணபிள்ளை கம்பனைப் போலக் காப்பியமாகப் பாடி 1894இல் வெளியிட்டார். பிள்ளைகளால் அதை நேரடியாகப் படிக்க முடியாதுதான். ஆங்கிலச் சிறுவர் பதிப்பில் கதையைப் படித்த பிள்ளையிடம், "இதை நம் தமிழில் ஒருவர் பாட்டாகவே பாடியிருக்கிறார்" என்று சொல்லி நான்கு வரி வாசித்துக் காட்டலாமே. சமயம் ஆங்கிலத்தில், சாப்பாடு மட்டும் தமிழில் என்று வளரும் பிள்ளைக்குப் பாட்டியின் ஜெபம் ஒருநாள் அந்நிய மொழியாகிவிடும்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. எழுதியவர் யார்? எந்தச் சபைப் பின்னணியில் எழுதுகிறார்?
2. இது விவிலியமா, விளக்கமா, கற்பனையா? நூலே அதைத் தெளிவாகச் சொல்கிறதா?
3. யாருடைய வயதுக்கு ஏற்றது? என் பிள்ளை இரவில் பயப்படுமா?
4. மற்றவர்களை மதிக்கிறதா?
5. நான் முதலில் பத்துப் பக்கமாவது படித்தேனா, பத்து நிமிடமாவது பார்த்தேனா?

ஐந்தாவது கேள்விக்குப் பணம் செலவாகாது. நூலகத்தில் இரவல் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிடித்ததை வாங்குங்கள். ஆலய நூலகத்தில் நல்ல நூல் இல்லையென்றால் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பட்டியல் கொடுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இந்து, இஸ்லாமிய வாசகர்களும் தங்கள் சமய நூல்களுக்கும் தொடர்களுக்கும் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். புராணத் தொடர்களிலும் கற்பனை கலந்தே வருகிறது. மாதம் ஒரு நூல், ஒரு படம் என்று வைத்துக்கொண்டாலும் போதும். அதைச் சேர்ந்து படித்து, சேர்ந்து பார்த்து, முடிந்த பிறகு பதினைந்து நிமிடம் பேசுங்கள். அந்தப் பேச்சில் பெரியவர்கள் குறைவாகப் பேசி, பிள்ளைகளை அதிகம் பேச விடுங்கள்.