ஒலி ஒன்று, சொல் வேறு – 9: கரடியும் பேரிக்காயும்

சேர்வராயன் மலையில் பயணிகள் தவறாது காணும் கரடிக் குகை ஆங்கிலத்தில் 'பேர்ஸ் கேவ்' எனப்படுகிறது. ஏற்காட்டுத் தோட்டங்களில் விளையும் பேரிக்காய்க்கும் ஆங்கிலத்தில் 'பேர்' என்பதே பெயர். மரமற்று வெறுமையாகக் கிடக்கும் சரிவைச் சுட்டும் அடைமொழியையும், இணை அல்லது சோடி என்னும் பொருளுடைய சொல்லையும் சேர்த்தால், தமிழ் எழுத்தில் 'பேர்' என்றே அமையும் ஆங்கிலச் சொற்கள் நான்காகின்றன. ஆயினும் ஆங்கிலேயர் செவிக்கு இந்நான்கும் இரண்டே ஒலிகள்: கரடியும் வெறுமையும் ஓர் ஒலி, பேரிக்காயும் சோடியும் மற்றோர் ஒலி. இந்த வேறுபாட்டை உணராமல் எல்லாக் குழப்பங்களுக்கும் ஒரே மருந்தைத் தேடுவதாலேயே மாணவர் பலர் ஆண்டுக்கணக்கில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றனர்.

முதல் வகை, ஆங்கிலத்திலேயே ஒலி ஒன்றிப்போன சொற்கள். இவற்றை ஒத்தொலிச் சொற்கள் எனலாம். கரடியைக் குறிக்கும் சொல் 'ஈ, ஏ, ஆர்' என முடிய, வெறுமையைக் குறிக்கும் சொல் 'ஏ, ஆர், ஈ' என முடிகிறது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெட்டுயிர்களின் ஒலிப்பு பெரிதும் மாறிக்கொண்டிருந்தது; அந்த மாற்றம் முடிவதற்கு முன்பே, 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவியதைத் தொடர்ந்து எழுத்து வடிவங்கள் மெல்ல மெல்ல நிலைபெறத் தொடங்கிவிட்டன. ஒலி நகர்ந்தது, எழுத்து நின்றது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்து, ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் எம்.டி. காக்பர்னின் குடும்பப் பெயரும் எழுத்தில் அவ்வாறு தோன்றினாலும் 'கோபர்ன்' என்றே ஒலிக்கப்படுவது, எழுத்தும் ஒலியும் பிரிந்து போனதற்கு மற்றொரு சான்று.

காப்பித் தோட்டத்திலேயே இவ்வகைக்கு அரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. காப்பிப் பழத்தைக் குறிக்கும் 'பெரி' என்னும் சொல்லும், மண்ணில் புதைத்தலைக் குறிக்கும் 'பெரி' என்னும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. முன்னதில் 'ஈ' என்னும் எழுத்தும் இரண்டு 'ஆர்'களும் வர, பின்னதில் 'யூ' என்னும் எழுத்தும் ஒரே 'ஆர்' உம் வருகின்றன. புதைத்தலைக் குறிக்கும் சொல் இங்கிலாந்தின் ஒரு வட்டார வழக்கிலிருந்து எழுத்தையும், கெண்ட் வட்டார வழக்கிலிருந்து ஒலியையும் பெற்றதால் இந்த முரண் நேர்ந்தது. காய்த்துளைப்பான் வண்டு கடுமையாகத் தாக்கிய பழங்களைச் சேகரித்து ஆழக் குழியில் புதைக்க வேண்டும் என்னும் அறிவுரையை ஆங்கிலத்தில் கேட்பவர் இவ்விரு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கிறார்; வினை நிற்கும் இடமும் பெயர் நிற்கும் இடமுமே அவருக்குப் பொருளை உணர்த்துகின்றன. எழுதுபவருக்கோ எழுத்துக்கூட்டு கண்ணில் பதிந்திருந்தாலன்றி வேறு வழியில்லை.

இரண்டாம் வகை, ஆங்கிலத்தில் வேறாக ஒலித்தும் தமிழர் நாவிலும் எழுத்திலும் ஒன்றாகிவிடும் சொற்கள். ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் 'பி' என்றே எழுதப்படுகின்றன. தமிழில் பகரம் சொல்லின் முதலில் அதிர்வின்றியும், மெல்லினத்தை அடுத்து அதிர்வுடனும் ஒலிப்பது இயல்பு. 'பம்பரம்' என்னும் சொல்லில் இரு ஒலிகளும் உள்ளன. தொண்டையில் விரலை வைத்து அச்சொல்லை மெல்லச் சொன்னால் இரண்டாம் பகரத்தில் அதிர்வு தெளிவாகப் புலப்படும். அந்த ஒலியைச் சொல்லின் முதலுக்குக் கொண்டுவந்தால் கரடி, முதற்பகரத்தைச் சற்றே மூச்சுடன் வெளியிட்டால் பேரிக்காய். உதட்டின் முன் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்தால், பேரிக்காயைச் சொல்லும்போது அது அசைவதையும், கரடியைச் சொல்லும்போது பெரும்பாலும் அசையாதிருப்பதையும் காணலாம்.

ஆகவே ஐயத்துக்குரிய சொல்லிணை எதிர்ப்படும்போது, இவை ஆங்கிலேயர் செவிக்கும் ஒன்றுதானா என்னும் வினாவையே முதலில் எழுப்ப வேண்டும். ஒன்றே எனில் பயிற்சி கண்ணுக்கு உரியது. வேறு எனில் நாவுக்கும் செவிக்கும் உரியது. ஏரிக்கும் ஏறிக்கும் வேறுபாடு அறியத் தமிழ் வகுப்பில் மயங்கொலிப் பயிற்சி பெறும் மலைக்கிராமத்துப் பிள்ளைக்கு இந்தப் பாகுபாடு புதிதன்று. இரு வகைப் பிழைகளையும் ஒரே சிவப்பு மையால் சுழித்துவிடாமல், எது எவ்வகை என்று ஆசிரியர் ஓரத்தில் குறித்துக் காட்டினாலே அப்பிள்ளை பாதி வழியைக் கடந்துவிடும்.

(தொடரும்)