இரண்டு பேட்டரியை இணைக்கும் முன்

திருமலைசமுத்திரம், வல்லம், துவாக்குடி வட்டாரத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் 'ரோபோ வார்ஸ்' என்றால் விளக்கம் தேவையில்லை. கூண்டுக்குள் இரண்டு ரோபோக்கள் மோதும். ஒன்று அசைவற்றுப் போகும்வரை ஆட்டம் நடக்கும். ஐஐடி மும்பையின் டெக்ஃபெஸ்ட் விழாவில் இதைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறது. ஊரில் இருக்கும் பெற்றோருக்குத்தான் விஷயம் தெரிவதில்லை. விடுமுறைக்கு வரும் பிள்ளையின் பைக்குள் துணிகளுக்கு நடுவே லித்தியம் பாலிமர் பேட்டரி, அதாவது 'லைப்போ', இருக்கலாம். குறுவைக்கும் சம்பாவுக்கும் மருந்து தெளிக்க வரும் ட்ரோன்களிலும் பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டு பேக்குகளை இணைத்துப் பறக்கவிடும் ட்ரோன்களும் உண்டு. ஆகவே இது கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமான செய்தி அல்ல.

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். லித்தியம் பேட்டரித் தீயில் நெருப்புக்கு முன்னால் புகையே ஆளைக் கொல்லும். விடுதி அறைக் கட்டிலுக்கு அடியில் சார்ஜ் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஒரு லைப்போ செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெடும். மூன்று செல் கொண்ட பேக்கை '3எஸ்' என்பார்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட். இரண்டு பேக்குகளை சீரியஸில் இணைத்தால் வோல்டேஜ் கூடும். பேரலலில் இணைத்தால் கொள்ளளவு கூடும். இவ்வளவும் எல்லா மாணவருக்கும் பாடம். தவறு நடப்பது இதற்கு அடுத்த படியில்.

முதலில் பேரலல். மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் நடுவே மடையைத் திறந்தால் தண்ணீர் என்ன வேகத்தில் பாயும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். முழு சார்ஜில் உள்ள 12.6 வோல்ட் பேக்கையும் ஓடிக் களைத்த 11.1 வோல்ட் பேக்கையும் இணைத்தால் அதுதான் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றரை வோல்ட்தான். ஆனால் இரண்டு பேக்குகளின் உள் மின்தடையும் ஒயரும் சேர்ந்து 40 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், பாயும் மின்சாரம் 37 ஆம்பியருக்கு மேல். இந்த மாதிரிச் சிறிய பேக்கை சார்ஜ் செய்ய வேண்டியதோ இரண்டு மூன்று ஆம்பியரில். எனவே ஒரே மாடல், ஒரே வயது, ஒரே கொள்ளளவு பேக்குகளை மட்டும் சேருங்கள். இணைக்கும் முன் மல்டிமீட்டரால் இரண்டையும் அளந்து, வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பேக்குக்கும் தனி ஃபியூஸ் போடுங்கள். 3எஸ் பேக்கையும் 4எஸ் பேக்கையும் பேரலலில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

சீரியஸில் ஆபத்து மறைந்திருக்கும். இரண்டு 3எஸ் பேக்குகளின் ஆறு செல்லுக்கும் சேர்த்து மீட்டர் 21 வோல்ட் காட்டுகிறது. செல்லுக்கு 3.5 வோல்ட், பரவாயில்லை என்று நினைப்பீர்கள். ஐந்து செல் 3.7 வோல்ட்டில் இருந்து, ஆறாவது பழைய செல் 2.5 வோல்ட்டுக்கு விழுந்திருந்தாலும் கூட்டுத்தொகை அதே 21தான். அந்தச் செல்தான் அடுத்த சார்ஜில் உப்பி, பிறகு பற்றவும் கூடும். தனித்தனி செல் வோல்டேஜைப் பார்க்காமல் சார்ஜ் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். சார்ஜ் போடும்போது சீரியஸ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இணைப்பில் இருக்கும் பேக்குகளின் பேலன்ஸ் ஒயர்களை, அதாவது செல்களைத் தனித்தனியே சார்ஜருடன் இணைக்கும் ஒயர்களை, ஒரே பேரலல் போர்டில் செருகினால் நேரடி ஷார்ட். ஒரே பவர் சப்ளையிலிருந்து ஓடும் இரண்டு சார்ஜர்களை அந்தப் பேக்குகளில் மாட்டினாலும், நெகட்டிவ் பொதுவாக இருப்பதால் ஷார்ட் ஆகலாம்.

சால்டரிங் செய்யும்போது இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். ஒன்றை முடித்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடிய பிறகே அடுத்தது. ரோபோவுக்குள் பேக் இருக்கும் அறையின் மூடி ஸ்க்ரூவை அளந்து பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் நீளம் இருந்தால் போதும், முடுக்கும்போதே செல்லைக் குத்திவிடும். மெயின் இணைப்பை வெளியிலிருந்தே உருவி எடுக்கும்படி வையுங்கள். அடிபட்ட பேக்கை மறு ஆட்டத்துக்காக அவசரமாகச் சார்ஜ் போடக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள்ளும், பூட்டிய காருக்குள்ளும் பேட்டரியை விடாதீர்கள்.

பற்றிக்கொண்டால் ஆளை வெளியேற்றுங்கள், புகையைச் சுவாசிக்காதீர்கள், 101 அல்லது 112க்கு அழையுங்கள். இந்த பேட்டரியில் உலோக லித்தியம் இல்லை. அதனால் எட்ட நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அணைந்தது போலத் தோன்றி மீண்டும் பற்றும் என்பதால் திறந்த வெளியிலேயே கிடக்கட்டும். தீக்காயத்தின் மேல் இங்க், பேஸ்ட் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, 108ஐ அழையுங்கள்.

இனி உரிமை. பேட்டரியே குறையுள்ளதாக இருந்து சேதம் விளைந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால், விற்றவரையே பொறுப்பாக்க முடியும். ஆனால் அதே சட்டத்தின் 87ஆவது பிரிவை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்: சேதம் நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்றவர் மீது வழக்கு நிற்காது. கண்டபடி ஒயர் இணைத்தால் உரிமையும் போகும். ஆகவே பில்லையும் பேக்கின் மேலுள்ள லேபிளின் படத்தையும் சார்ஜ் பதிவேட்டையும் வைத்திருங்கள். எரிந்த பேக்கைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி.

முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

உப்பிப்போன பேக்கைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறிவது 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளுக்கு முரண். தனியே பிரித்து ஒப்படைப்பது பயனாளியின் கடமை.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோபோ போட்டிக்கு அனுமதி தரும்போதே, விடுதிக்கு வெளியே காற்றோட்டமான ஓர் அறையை, சிமெண்ட் தரையோடும் தண்ணீர்க் குழாயோடும், சார்ஜ் போடுவதற்கென ஒதுக்கிக் கொடுங்கள். மாணவர்களே, இதைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.