பவுண்ட் விழுந்தா பழைய காசு மலிவாகுமா?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கலாம். "பவுண்ட் இறங்கும்போது பிரிட்டிஷ் காசுகளை வாங்கிப் போட்டா லாபம்தானே? ஆறு மாச சேமிப்பு கையில இருக்கு"ன்னு ஒரு நேயர் எழுதியிருந்தார். ஆறு மாச சேமிப்புன்னு சொன்னதால கொஞ்சம் நிதானமா கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். தமிழ்ல 'நாணயம்'னா கையில இருக்கிற காசையும் குறிக்கும், ஒரு நாட்டோட பணத்தையும் குறிக்கும். குழப்பம் வேண்டாம். இந்த எபிசோடு முழுக்க சேகரிக்கிறதை 'காசு'ன்னும், பவுண்ட், யென் மாதிரியானதை 'கரன்சி'ன்னும் சொல்றேன்.

ஒரு நிஜ உதாரணம். 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன்ல பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்தது. அதுக்கு முன்னாடி ஒரு பவுண்ட் கிட்டத்தட்ட 100 ரூபாய். முடிவு வந்த மறுநாள் சுமார் 93 ரூபாய். ஒரே நாள்ல 7 சதவீதம் தள்ளுபடி மாதிரி தெரியுது, இல்லையா?

இப்போ ரெண்டு காசுகளை எடுத்துப்போம். முதலாவது, தங்க சாவரின். நம்ம ஊர்ல 'ஒரு சவரன்', 'ஒரு பவுன்'னு சொல்றோமே, அந்தப் பேர் வந்ததே இந்தக் காசுல இருந்துதான். எடை 7.98 கிராம், அதுல சுத்தத் தங்கம் 7.32 கிராம். வாக்கெடுப்புக்கு முன்னாடி அந்தத் தங்கத்தோட மதிப்பு மட்டும் ஏறக்குறைய 200 பவுண்ட், அதாவது 20,000 ரூபாய். மறுநாள் 225 பவுண்ட் பக்கம் போயிடுச்சு. 93-ஆல பெருக்கிப் பாருங்க: 20,925 ரூபாய். பவுண்ட் விழுந்தும் நமக்கு விலை ஏறித்தான் இருக்கு!

ஏன்? தங்கத்தோட உலகச் சந்தை விலை டாலர்ல ஓடுது. பவுண்ட் பலவீனமானா, அதே தங்கத்துக்கு அதிக பவுண்ட் கொடுக்கணும். அதுக்கு மேல, பயத்துல எல்லாரும் தங்கத்தை வாங்க, அன்னைக்கு டாலர் விலையும் ஏறிச்சு. (தங்கக் காசை இந்தியாவுக்குள்ள கொண்டுவர தனி விதிகள் இருக்கு. இங்க கணக்குப் புரியறதுக்காக மட்டும் சொன்னேன்.)

ரெண்டாவது, 2009-ல வந்த கியூ கார்டன்ஸ் 50 பென்ஸ். மொத்தமே 2,10,000 காசுகள்தான் புழக்கத்துக்கு விட்டாங்க. செம்பும் நிக்கலும் கலந்த காசு. உருக்கினா ஒண்ணும் தேறாது. அதோட விலை முழுக்க சேகரிப்பாளர்களோட ஆசைதான், அந்த ஆசைக்கு விலை போடறவங்க பெரும்பாலும் பவுண்ட்ல சம்பளம் வாங்கறவங்க. ஒரு ராத்திரியில அவங்க சம்பளம் மாறலை, அதனால விலையும் மாறலை. 100 பவுண்டுக்கு ஒருத்தர் விக்கிறார்னு வெச்சுக்குங்க. நேத்து 10,000 ரூபாய், இன்னைக்கு 9,300.

ஆக, காசோட விலையை ரெண்டா பிரிங்க: உலோக மதிப்பு ஒண்ணு, அரிதா இருக்கிறதுக்கான மதிப்பு இன்னொண்ணு. கரன்சி விழுந்தா கிடைக்கிற தள்ளுபடி ரெண்டாவது பகுதிக்கு மட்டும்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஜப்பான் வெளியிட்ட 1,000 யென் காசு இதுக்கு நடுவுல வரும். 20 கிராம், அதுல 92.5 சதவீதம் வெள்ளி. வெள்ளிப் பகுதி டாலரைப் பின்தொடரும், மீதி யென்னோட போகும்.

இன்னொண்ணு, ரொம்ப அரிதான காசு லண்டன் ஏலத்துக்கு வந்தா இந்தத் தள்ளுபடி நிலைக்காது. அமெரிக்காவுல இருக்கிறவருக்கும் பவுண்ட் மலிவாத்தான் தெரியுது. அவரும் கூடக் கேப்பார், விலை ஏறிடும்.

அடுத்தது, கூகுள்ல பார்க்கிற விகிதம் உங்க விகிதம் இல்ல. ஏலத்துல 100 பவுண்டுக்கு ஒரு காசு எடுக்கறீங்க. ஏலக்காரர் கமிஷன் 20, தபால் 15, மொத்தம் 135 பவுண்ட். 93 வீதம் 12,555 ரூபாய். உங்க கார்டு 3.5 சதவீதம் மார்க்கப் போட்டா 439 ரூபாய், அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 79 ரூபாய். மொத்தம் 13,073. அதாவது உண்மையில நீங்க ஒரு பவுண்டை வாங்கினது கிட்டத்தட்ட 97 ரூபாய்க்கு. இந்தச் செலவு பவுண்ட் 100 ரூபாயா இருந்தப்பவும் உண்டு. ஆனா உள்ளூர் டீலர் சொல்ற விலையோட ஒப்பிடும்போது 93-ஐ வெச்சுப் பார்க்காதீங்க, 97-ஐ வெச்சுப் பாருங்க. பணம் கட்டும்போது "ரூபாயிலேயே செலுத்தவா?"ன்னு தளம் கேட்டா, பெரும்பாலும் வேண்டாம்னு சொல்றதுதான் நல்லது. அந்த மாற்று விகிதத்துல அவங்க லாபமும் சேர்ந்திருக்கும்.

பார்சல் வந்த பிறகு சுங்கத்துறை இன்னொரு விகிதம் வெச்சிருக்கு. அவங்களே அறிவிக்கிற மாற்று விகிதத்துலதான் வரி கணக்காகும், அதுவும் காசு விலையோட தபால் செலவையும் இன்சூரன்ஸையும் சேர்த்து.

கடைசியா, நேயரோட 'வாங்கிப் போட்டா' பகுதி. ஒரு நாட்டுக் காசுக்கு அதிக ஆர்வம் இருக்கிறது பொதுவா அந்த நாட்டுலயேதான். அப்போ அந்தக் காசை வெச்சிருக்கிறது அந்த கரன்சியை வெச்சிருக்கிற மாதிரி. 2021 ஜனவரியில ஒரு யென் சுமார் 70 பைசா. 2024 ஜூலையில சுமார் 52 பைசா. அப்போ வாங்கின ஒரு ஜப்பான் காசு யென்ல அதே விலைக்குப் போனாக்கூட, ரூபாயில கால் பங்கு காணாம போயிருக்கும். இறங்கின கரன்சி மேலே வந்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

அதனால அந்த நேயருக்கு என் பதில்: பிடிச்ச காசு ஒண்ணு ரொம்ப நாளா பட்டியல்ல இருக்கு, அதுல உலோகத்தைவிட அரிதான மதிப்புதான் அதிகம், உங்க நிஜ விகிதத்துல கணக்குப் போட்டும் கட்டுப்படியாகுதுன்னா, வாங்குங்க. பவுண்ட் விழுந்துடுச்சுங்கறதுக்காக மட்டும் ஆறு மாச சேமிப்பை அனுப்பாதீங்க. அது காசு சேகரிப்பு இல்ல, கரன்சி சூதாட்டம்.