முதலமைச்சர் ஆன வக்கீல்

பெங்களூரில் விதான சௌதா என்ற பெரிய கல் கட்டடம் இருக்கிறது. கர்நாடக சட்டசபை அங்கேதான் கூடுகிறது. அதைக் கட்டி முடித்தவர் கெங்கல் ஹனுமந்தையா.

அவர் 1908-ல் பிடதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்தார். புனாவில் சட்டம் படித்தார். பெங்களூரில் வக்கீல் ஆனார்.

மகாராஜா காலம்

அப்போது மைசூர் ஒரு தனி ராஜ்யம். ஆட்சி மகாராஜாவின் கையில் இருந்தது. மக்களாட்சி கேட்டுக் காங்கிரஸ் போராடியது. ஹனுமந்தையாவும் போராடினார். பல முறை சிறை சென்றார். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. மைசூரில் மக்களாட்சி உடனே வரவில்லை. 'மைசூருக்குப் போவோம்' என்று மக்கள் திரண்டார்கள். அக்டோபரில் மகாராஜா இணங்கினார்.

1952-ல் பொதுத்தேர்தல் நடந்தது. ஹனுமந்தையா முதலமைச்சர் ஆனார்.

பதவியா, மக்களா?

கன்னடம் பேசும் மக்கள் அப்போது ஒரே மாநிலத்தில் இல்லை. மைசூர், பம்பாய், ஐதராபாத், சென்னை, குடகு என்று பிரிந்து கிடந்தார்கள். எல்லோரும் ஒன்றுசேர வேண்டும் என்ற குரல் எழுந்தது.

மைசூரில் பலர் இதற்குப் பயந்தார்கள். "நம் பணம் பின்தங்கிய பகுதிகளுக்குப் போய்விடும். நம் செல்வாக்கும் குறையும்" என்றார்கள். மாநிலம் பெரிதானால் ஹனுமந்தையாவின் பதவிக்கும் ஆபத்து. ஆனாலும் அவர் இணைப்பை ஆதரித்தார்.

1956 ஆகஸ்டில் சொந்தக் கட்சியினரே அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். அவர் பதவி விலகினார். நவம்பர் 1-ல் புதிய மாநிலம் பிறந்தது. நிஜலிங்கப்பா அதன் முதலமைச்சர் ஆனார். 1973-ல் அந்த மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வந்தது.

டில்லியில்

மாநிலச் சட்டசபைக்குப் போகிறவர் எம்.எல்.ஏ. டில்லியில் உள்ள மக்களவைக்குப் போகிறவர் எம்.பி. போலீஸ், நிலவரி போன்றவை மாநில அரசின் வேலை. ரயில், ராணுவம் போன்றவை மத்திய அரசின் வேலை.

ஹனுமந்தையா இரண்டு இடத்திலும் பணி செய்தார். 1962-ல் பெங்களூரிலிருந்து எம்.பி. ஆனார். 1967-ல் நிர்வாகச் சீர்திருத்தக் குழுவின் தலைவர் ஆனார். அரசு அலுவலகங்களின் வேலையை எப்படிச் சீராக்கலாம் என்று அந்தக் குழு ஆராய்ந்தது. 1970-ல் மத்திய சட்ட அமைச்சர் ஆனார். 1971-ல் ரயில்வே அமைச்சர் ஆனார். 1980-ல் காலமானார்.

விதான சௌதாவின் முகப்பில் கன்னடத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. 'அரசுப் பணி கடவுள் பணி' என்பது அதன் பொருள்.

பேசிப் பாருங்கள்: உங்கள் எம்.எல்.ஏ. யார்? எம்.பி. யார்? உங்கள் ஊர்ச் சாலைக்கு யாரிடம் கேட்க வேண்டும்? ரயில் நிலையத்துக்கு யாரிடம் கேட்க வேண்டும்?