மோசேக்கு ஒரு கல்

விடுதலைப் பயண நூலின் 17-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. இரபிதிமில் இஸ்ரயேலர் அமலேக்கியரோடு போரிடுகின்றனர். குன்றின் உச்சியில் மோசே கைகளை உயர்த்தி நிற்கிறார். கைகள் உயர்ந்திருக்கும்வரை இஸ்ரயேலருக்கு வெற்றி, தாழ்ந்தால் பின்னடைவு. நேரம் செல்லச் செல்லக் கைகள் கனக்கின்றன. அப்போது ஆரோனும் கூரும் என்ன செய்தார்கள்? 'இது இறைவனின் பணி. இன்னும் சற்றுப் பொறுத்துக்கொள்ளும்' என்று அறிவுரை கூறினார்களா? இல்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். மோசே அதன்மேல் அமர்ந்தார். ஆளுக்கொரு கையைத் தாங்கிப் பிடித்தார்கள். கதிரவன் மறையும்வரை அவர் கைகள் தளரவில்லை.

இப்பகுதியைப் பலமுறை வாசித்திருக்கிறேன். இடைவிடாத செபத்தைப் பற்றி இதைக்கொண்டு மறையுரையும் ஆற்றியிருக்கிறேன். ஆனால் அந்தக் கல்லை மட்டும் நான் கவனித்ததில்லை. கவனிக்க வைத்தவர் எங்கள் பங்கின் பாட்டு வாத்தியார்.

முப்பது ஆண்டுகள் தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்தவர் அவர். ஈரத்தோலின் பாரம் என்னவென்று வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக் குடும்பங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொட்டியிலிருந்து குனிந்து இழுத்து, நிமிர்ந்து, தோளில் போட்டுச் சுமந்த முதுகு அது. அந்த முதுகோடுதான் ஞாயிறுதோறும் வந்து, பழைய அக்கார்டியன் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, திருப்பலி முடியும்வரை நின்று வாசிப்பார். "வாத்தியாரே, நின்றுகொண்டே வாசியுங்கள், அப்போதுதான் பிள்ளைகளுக்கு உங்கள் தலையசைப்புத் தெரியும்" என்று சொன்னவன் நான்தான்.

சென்ற ஆண்டுத் திருவருகைக் காலத்தில் பாடகர் குழு தெருத்தெருவாகச் சென்று பாடியது. நான்காம் நாள் இரவு, கடைசி வீட்டு வாசலில் கருவியைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. இருவர் தாங்கிப் பிடித்து வீடு சேர்த்தார்கள். மறுநாள் நான் போனபோது அவருடைய மருமகள் கதவருகே நின்று மெல்லிய குரலில் சொன்னாள்: "சாமி, மாமாவுக்கு ஒரு வருசமாவே இடது கால் மரத்துப்போவுது. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டார்."

பாரம் எங்கிருந்து வருகிறது?

அக்கார்டியன் நம் ஆலயங்களுக்கு முற்றிலும் அந்நியமான கருவியன்று. ஆர்மோனியத்தின் உடன்பிறப்பே அது. இரண்டிலும் துருத்திக் காற்று உலோக நாக்குகளை அதிரச் செய்து ஒலி எழுப்புகிறது. 1829-இல் வியன்னா நகரில் சிரில் டெமியான் என்பவர் இப்பெயருள்ள கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் இத்தாலியில், அன்னை மரியாவின் திருவில்லம் போற்றப்படும் லொரேத்தோவுக்கு அருகிலுள்ள காஸ்தெல்பிதார்தோ என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. லொரேத்தோவுக்குச் சென்று திரும்பிய ஆஸ்திரியத் திருப்பயணி ஒருவர், தமக்கு இடங்கொடுத்த உழவர் குடும்பத்தில் ஓர் அக்கார்டியனை விட்டுச் சென்றார் என்றும், அதைப் பிரித்துப் பார்த்த பவுலோ சொப்ரானி 1860-களில் தம் பட்டறையைத் தொடங்கினார் என்றும் அவ்வூர் மரபு கூறுகிறது. செபமாலையின் முடிவில் நாம் சொல்லும் மாதா மன்றாட்டுமாலைக்கும் லொரேத்தோவின் பெயரே உண்டு என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனை உயர்வாகப் போற்றுகிறது. ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாகவும் நம்பிக்கையாளரின் பக்திக்கு உதவுபவையாகவும் உள்ள பிற கருவிகளையும், உரிய அதிகாரத்தின் இசைவோடு ஏற்றுக்கொள்கிறது. குழல் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிற்றூர்ப் பங்குகளுக்கு, பவனியிலும் கல்லறைத் தோட்டத்திலும் கூடவே நடந்துவரும் சிறிய ஆர்கன் இந்த அக்கார்டியன்.

ஆனால் அதன் எடை? 41 கட்டைகளும் 120 பேஸ் பொத்தான்களும் உள்ள முழு அளவுக் கருவி பொதுவாக 9 முதல் 12 கிலோ வரை இருக்கும். 'ஒரு சிப்பம் அரிசியின் பாதிகூட இல்லையே' என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். அரிசியைத் தோளில் சுமக்கிறோம். அக்கார்டியனோ மார்புக்கு முன்னால் தொங்குகிறது.

பழைய துலாக்கோலை நினைத்துப் பாருங்கள். நீண்ட பக்கத்தில் தொங்கும் சிறு எடை, குறுகிய பக்கத்தில் தொங்கும் பெரிய எடையைச் சமன்செய்யும். முதுகும் அப்படித்தான். 10 கிலோ எடையுள்ள கருவியின் நடுப்பகுதி முதுகெலும்புக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறதென்று கொள்வோம். அதைச் சமன்செய்து இழுக்கும் தசைகளோ முதுகெலும்புக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் மட்டுமே உள்ளன. தூரம் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே தசைகள் ஐந்து மடங்கு, அதாவது 50 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். இரண்டு சுமையும் சேர்ந்து இடுப்புப் பகுதியின் வட்டுகளை அழுத்துகின்றன. உடலின் சொந்த எடை அதற்கும் மேல்.

அப்படியானால் உட்கார்ந்து வாசித்தால் போதுமா? 1960-களில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், முதுகெலும்பு வட்டுகளுக்குள் அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிமிர்ந்து நிற்கும்போது உள்ளதைவிட, முன்னோக்கிக் கூனி அமரும்போது அழுத்தம் மிகுதி என்று கண்டார். ஆக, எப்படி உட்காருகிறோம் என்பதும் முக்கியம்.

தாங்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வாத்தியாருக்காக விசாரித்ததில் நான் கற்றுக்கொண்டவற்றை, இசைக்கருவி சுமக்கும் எல்லாக் குடும்பங்களுக்காகவும் சொல்கிறேன்.

முதலில் வேண்டியது, கருவியை இறக்கி வைக்க ஓர் இடம். வாசிக்கும்போது நேரும் வலியைவிட, தரையிலிருந்து குனிந்து தூக்கும் அந்த ஒரு நொடியே பலருடைய முதுகை முறிக்கிறது. இடுப்பு உயரத்தில் உறுதியான மேசை ஒன்று பாடகர் குழுவின் அருகில் இருக்கட்டும். மேசையில் வைத்தபடியே வார்களுக்குள் கைகளை நுழைத்து, கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிரலாம். செலவில்லாத தாங்கி இது.

இரண்டாவது, நாற்காலி. கைப்பிடி இல்லாததாக இருக்கவேண்டும். உள்ளங்கால்கள் தரையில் முழுமையாகப் படிய, முழங்கால்கள் ஏறத்தாழச் செங்கோணமாக மடியும் உயரம் வேண்டும். கட்டைப் பலகையின் கீழ்முனை வலத்தொடையின் உட்புறத்தை ஒட்டி நிற்க, துருத்தி இடத்தொடைமேல் தங்கவேண்டும். அப்போது எடையின் பெரும்பங்கு தொடைக்கும் நாற்காலிக்கும் போய்விடுகிறது. வார்கள் கருவியை நிலைப்படுத்த மட்டுமே உதவுகின்றன.

மூன்றாவது, நின்றே வாசிக்க வேண்டியவர்களுக்கான இரும்புத் தாங்கி. இங்கே ஒரு எச்சரிக்கை. மின்விசைப் பலகையை வைக்கும் பெருக்கல் குறி வடிவத் தாங்கி இதற்கு உதவாது. அது தட்டையான கருவிக்காகச் செய்யப்பட்டது. அக்கார்டியனில் வலப்பக்கம் அசையாது நிற்க, இடப்பக்கப் பெட்டி துருத்தியோடு வெளியே போய்த் திரும்புகிறது. எடை ஒவ்வொரு மூச்சுக்கும் இடம் மாறுகிறது. ஆகவே வலப்பக்கத்தை இறுகப் பற்றும் கொக்கிகளும், அகன்ற அடித்தளமும் வேண்டும். வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: கருவியை மாட்டி, துருத்தியை முழுவதும் விரித்து, மேற்பகுதியை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். தாங்கி சாயத் தொடங்கினால் அதை வாங்கவேண்டாம். உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியவேண்டும். வாசிக்கும்போது தோள்கள் காதுகளை நோக்கி உயர்ந்தால் தாங்கி மிக உயரம், கழுத்துக் குனிந்தால் மிகத் தாழ்வு. வழுவழுப்பான ஆலயத் தரையில் நழுவாதிருக்கக் கால்களில் இரப்பர் வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால், இவ்வளவையும் எடுத்துச் சொன்னால் நம்மூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

நான்காவது, வார். தோல் ஊரில் வாழும் நமக்கு இதில் குறை வரலாமா? வார் அகலமாகவும் உட்புறம் மெத்தையுள்ளதாகவும் இருக்கட்டும். குறுகிய வார் தோளை அறுக்கும். குரோமியத்தில் பதனிட்ட தோல் மென்மையானது, ஆனால் இழுபடும். ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் விறைப்பானது, எளிதில் நீளாது. பாரம் தாங்க அதுவே நல்லது. இரு வார்களையும் முதுகுப்புறத்தில் இணைக்கும் குறுக்குவார் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது வார்கள் நழுவாமல் காத்து, சுமையை இரு தோள்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது.

வாரில் மட்டுமா தோல்? துருத்தியின் மூலைகளில் ஒட்டியிருப்பது மெல்லிய ஆட்டுத்தோல். உள்ளே உலோக நாக்குகளின்மேல் காற்றைத் தடுத்து விடும் சிறு மடல்களும் பழைய கருவிகளில் தோலே. இதை வாத்தியாரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா இந்தப் பெட்டிக்குள்ள பாடுறதும் எங்க ஆளுங்கதான், சாமி" என்றார்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நாக்குகளைப் பதித்திருப்பது தேன்மெழுகில். நம் பகுதியின் சித்திரை வெயிலில், மூடிய வண்டிக்குள் கருவியை விட்டுச் சென்றால் மெழுகு இளகி நாக்குகள் பெயர்ந்துவிடும்.

வலியும் காணிக்கையும்

தாங்கி வந்து சேர்ந்தது. வாத்தியார் அதைத் தொடவில்லை.

"ஆண்டவர் சந்நிதியில முட்டுக்கொடுத்து நிக்கிறதா, சாமி? அவர் சிலுவையைச் சுமந்தாரு. நான் இந்தப் பெட்டியைச் சுமக்கக்கூடாதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால், வலியை ஒப்புக்கொடுக்கும்படி இருபது ஆண்டுகளாக மேடையிலிருந்து சொல்லி வந்தவன் நானே. அது தவறான போதனை அன்று. நீக்க முடியாத வலியை அன்போடு ஏற்று ஒப்புக்கொடுப்பது பெரும் புண்ணியம். ஆனால் ஒரு இரும்புக் குழாயால் நீக்கக்கூடிய வலியை நீடிக்க விடுவது புண்ணியமா? உடல் தூய ஆவியின் ஆலயம் என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஆலயச் சுவரில் விரிசல் கண்டால் உடனே கொத்தனாரை அழைக்கிறோம். இந்த ஆலயத்தின் விரிசலை ஏன் மறைக்கிறோம்?

அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, விடுதலைப் பயண நூலின் அந்தப் பகுதியை வாசித்தேன். கல்லைப் பற்றிய இடம் வந்ததும் அவர் என்னை நிறுத்தினார். "மோசே உட்கார்ந்தாரா?" என்று கேட்டார். "உட்கார்ந்தார்" என்றேன். "சிலுவையைச் சுமந்தவரும் சிரேன் ஊர் சீமோனின் தோளை விலக்கவில்லையே, வாத்தியாரே." நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த இரும்பை எடுத்து வரச்சொல்லுங்க" என்றார்.

தாங்கி எல்லாவற்றையும் குணமாக்கிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். மருத்துவர் அவரைப் பரிசோதித்து, இனித் தெருப் பவனிகளில் கருவியைச் சுமக்கக்கூடாது என்று திட்டமாகக் கூறிவிட்டார். ஓராண்டுக்கு முன்பே வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். முதுகுவலியோடு கால் மரத்தல், காலில் வலுவிழத்தல், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் காத்திராதீர்கள். முதுகெலும்பு நோயாளரின் மறுவாழ்வில் நம் வேலூருக்குத் தனி வரலாறே உண்டு. 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவருடைய முயற்சியால் 1966-இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் வேலூரில் தொடங்கப்பட்டது. அமர்ந்து செய்த பணி குறைந்த பணி என்று அவரைப் பார்த்து யார் சொல்வார்?

இவ்வாண்டு பெரிய வியாழனன்று உன்னத கீதம் தொடங்கியபோது, எங்கள் பாட்டு வாத்தியார் தாங்கியின் பின்னே நிமிர்ந்து நின்றார். முகத்தில் பழைய இறுக்கம் இல்லை. குருத்து ஞாயிறு பவனியில் அவர் வாசிக்கவில்லை. காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி, 48 பொத்தான்கள் கொண்ட சிறிய கருவியில் வாசித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆலய வாசலில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மகிழ்ச்சியா, ஏக்கமா என்று நான் கேட்கவில்லை.

அன்புக் குடும்பங்களே! உங்கள் பங்கிலும் ஒருவர் இருக்கிறார். ஆர்மோனியம் தூக்குபவர், தேர் சுமப்பவர், நற்கருணைப் பவனியில் குடை பிடிப்பவர், ஆலயம் பெருக்கும் மூதாட்டி. அவர்கள் முறையிடமாட்டார்கள். "வலிக்கிறதா?" என்று நாம்தான் கேட்கவேண்டும். நான் பல ஆண்டுகள் கேட்கத் தவறினேன். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களில் ஒருவரிடம் சென்று கேளுங்கள். பிறகு, ஆரோனையும் கூரையும் போல, ஒரு கல்லைத் தேடிக் கொண்டுவந்து வையுங்கள்.