இஸ்திரிப் பெட்டியில் சர்க்கியூட் போர்டு! அசந்தால் கோடு அம்பேல்!

சென்னை ரிச்சி தெருவில் செம்புத் தகடு ஒட்டிய போர்டு வாங்கிப் போகும் மாணவர்கள் பலருக்கு, வீட்டு இஸ்திரிப் பெட்டிதான் அச்சு எந்திரம்!

லேசர் பிரிண்டரில் எடுத்த படத்தை போர்டில் கவிழ்த்து, சூடாகத் தேய்த்தால் கருப்பு மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். மை மூடிய இடம் தப்பும். மீதிச் செம்பை பெரிக் குளோரைடு கரைசல் தின்றுவிடும்.

கால் மில்லி மீட்டர் கோடு வரை சரி. அதைவிட மெல்லிசா வேணும்னா மை காலை வாரும். ஒளி பட்டால் இறுகும் பிலிமை ஒட்டி, புற ஊதா விளக்கில் காட்டி, சலவை சோடா தண்ணீரில் கழுவ வேண்டும்.

கண்டம் கரைசலில்தான்! பக்கவாட்டிலும் அது அரிக்கும். செம்பின் கனமோ வழக்கமாக 35 மைக்ரான். கூடுதலாக ஊறினால் கோடு அறுந்துபோகும். முன்னாடியே எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட்!

செம்பு கலந்த பழைய கரைசலை சாக்கடையில் கொட்டக்கூடாது. சிங்க்கில் சிந்தினால் கறை லேசில் போகாது. அப்புறம் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?